டிக்கிக்குள் தண்ணீர்

என் கணவருக்கு இந்த உலகத்தில் இரண்டே பொருள்கள்மேல்தான் சந்தேகம் கிடையாது. ஒன்று, அவர் விற்ற பூட்டு. இன்னொன்று, அவர் வாங்கிய கார். மற்ற எல்லாவற்றின்மேலும், என் சமையல் உட்பட, ஒரு கேள்வி வைத்திருந்தார்.

திண்டுக்கல்லில் ஒருவர் பூட்டு வியாபாரி என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பட்டறைகளில் பூட்டு வாங்கி, மரப்பெட்டிகளில் வைக்கோல் போட்டு அடுக்கி, ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலைப்பேட்டை வரைக்கும் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். பஸ் கூரையில் பெட்டிகளை ஏற்றி இறக்கி இடுப்பு விட்டுப்போன பிறகுதான் அவருக்குக் கார் ஆசை வந்தது. நான் அப்போது பெண்கள் தொடக்கப் பள்ளியில் டீச்சர். ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறந்திருந்த சமயம். மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருந்த எங்கள் தெருவில் கார் நின்ற வாசல் எங்களுடையது மட்டும்தான்.

கறுப்புக் கார். சீமையில் செய்தது. மலைமேல் காபித் தோட்டம் வைத்திருந்த ஒருவருடையது என்று மதுரைத் தரகர் ஒருவர் பிடித்துக் கொடுத்தார். அந்தத் தோட்டக்காரரை நாங்கள் பார்க்கவே இல்லை. தோட்டத்தை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டாராம்; வண்டி இரண்டு வருஷம் கொட்டகையில் சும்மா நின்றதாம். வெளிப்புறமெல்லாம் கீறலும் நசுங்கலுமாக இருந்தது. டிக்கியைத் திறந்தால் உள்ளே மட்டும் பளபளவென்று புதுப் பெயிண்ட்.

"பாத்தியா, சாமான் வைக்கிற எடத்தக்கூட எம்புட்டுச் சுத்தமா வச்சிருந்திருக்கான்" என்றார் இவர்.

வெளியே அடிக்காத பெயிண்டை யாராவது உள்ளே அடிப்பார்களா என்று கேட்டேன். கேள்வி கேட்பதற்கென்றே டீச்சர் வேலைக்குப் போனவள் என்று சிரித்துவிட்டார். டிக்கியின் சொந்தப் பூட்டும் அதில் இல்லை. யாரோ நெம்பி உடைத்து எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு தகரத்தை வைத்துப் பற்றவைத்திருந்தது. இவருக்கு அதில் சந்தோஷம்தான். சீமைப் பூட்டை யார் நம்பினார்கள்? பட்டறையில் சொல்லி ஒரு கொண்டி செய்து, எந்தத் திருடனும் கழற்ற முடியாதபடி ரிவெட் அடித்து, நம்மூர்ப் பித்தளைப் பூட்டு ஒன்றை மாட்டினார். கையால் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி வேண்டும்.

"இந்தப் பூட்ட ஒடைக்கணும்னா வண்டியத்தான் ஒடைக்கணும்" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார்.

சாவிகள் இரண்டு. ஒன்று கொத்தில் இருக்கும். அவர் வெளியூர் போனால் கொத்து அவரோடு போகும். வீட்டுக்கு வந்தால் என் இடுப்புக்கு வந்துவிடும். இன்னொரு சாவியைத் தொலைத்துவிடக் கூடாதென்று டிக்கிக்குள்ளேயே, ஸ்பேனர் வைக்கிற பையில் போட்டு வைத்தார். ஊருக்கெல்லாம் பூட்டு விற்றவர் செய்த காரியம் இது. நானும் அன்றைக்கு அதில் ஒரு தப்பும் காணவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கார் வந்த முதல் கோடையில் தண்ணீர் வந்தது. மழையைக் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் ஒரு குடம் தண்ணீருக்கு நாங்கள் பட்ட பாட்டை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால்தான் தெரியும். அப்படிப்பட்ட நாளில் ஒரு காலையில் பெட்டி ஏற்றப் போனவர் டிக்கியைத் திறந்துவிட்டு, "இங்க வா" என்று கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

ரப்பர் விரிப்பின்மேல் தண்ணீர் நின்றது. இரண்டு மூன்று சொம்பு இருக்கும். நான் விரலை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருகிற பாசி வாடை அடித்தது. நாலு நாளாக இறக்காமல் விட்டிருந்த ஒரு பெட்டி இரும்புப் பூட்டு அடியோடு துருப்பிடித்திருந்தது.

"பூட்டுப் போட்டது போட்டபடி இருக்கு. எவன் உள்ள தண்ணி ஊத்துனான்?" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி பூட்டு. அது பத்திரமாக இருக்கும்போது உள்ளே எப்படி ஒன்று வர முடியும் என்பதுதான் அவர் கவலை.

துடைத்தோம். வெயிலில் திறந்து போட்டுக் காய வைத்தோம். பத்து நாள் கழித்துத் திரும்பவும் தண்ணீர். மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் மூடியைச் சுற்றிப் புது ரப்பர் பட்டை ஒட்டினார். அதற்கும் அடங்கவில்லை. தார் பூசினோம், மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினோம், மேலே தார்ப்பாய் போட்டு மூடினோம். தண்ணீர் மேலிருந்துதான் வரும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை. அது எப்படியோ வந்துகொண்டுதான் இருந்தது. பழனியில் ஒரு கடைக்காரர் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தண்ணிக்குள்ள இருந்து எடுத்தாந்தீங்களா?" என்று கேட்டுத் திருப்பியே அனுப்பிவிட்டார். அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை.

ஆனாலும் காரை ஒரு வார்த்தை குறை சொன்னால் போதும், மூக்குக்குமேல் கோபம் வந்துவிடும். "டிக்கியில நாலு சொட்டுத் தண்ணி நின்னா என்ன? வண்டி ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னிய நடுரோட்டுல விட்டிருக்கா? சாவியத் திருகுனா அடுத்த நிமிஷம் கெளம்புது. இத நம்பி நான் கண்ண மூடிக்கிட்டு ஏறுவேன்."

எதிர்வீட்டு அக்கா ஒருத்தி இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சரு, சொல்றேன்னு நெனைக்காதீக. அந்த வண்டி அழுவுது. ஆளு இல்லாதப்பத்தான் அழுவுது" என்றாள்.

நான் சிரித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லிக்கூடச் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு விடியற்காலைப் பூசைக்குப் போகும்போதெல்லாம் என் கண் கீழே போனது. காரின் இடது பின்சக்கரத்துப் பக்கம் புழுதியில் ஈரம் பட்டிருக்கும். சொட்டுச் சொட்டாக, ஒரே இடத்தில். ஒரு தடவை நான் பக்கத்தில் நிற்கும்போதே டிக்கிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மெதுவாக, 'கட்' என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. உள்ளே ஏதோ புரண்டு படுத்த மாதிரி இருந்தது. ஈரத்தில் ஊறிய பெட்டிப் பலகை விரிகிற சத்தம் என்று இவர் சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். நான் மட்டும் அதற்குப் பிறகு அந்தக் காரின் பின் சீட்டில் உட்காரவில்லை. முன்னால் அவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். தெருவில் அதற்கும் ஒரு பேச்சு வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் மெக்கானிக்தான் வழி சொன்னார். ஒரு ஆள் டிக்கிக்குள் படுத்துக்கொள்ள வேண்டும். மூடியை இறுக்கி மூடிவிட்டு வெளியிலிருந்து வண்டி முழுக்கத் தண்ணீர் அடிக்க வேண்டும். உள்ளே எங்கே ஒழுகுகிறது என்று அந்த ஆள் பார்த்துச் சொல்லிவிடலாம். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஒரு காரின்மேல் இருபது வாளித் தண்ணீரை ஊற்றினால் எங்கள் தெருவே கூடி எங்களை ஒரு வழி பண்ணியிருக்கும். அதனால் ரெட்டியார்சத்திரம் பக்கம் என் அண்ணன் தோட்டத்துக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. அங்கே கிணறு உண்டு, கரண்ட் மோட்டார் உண்டு, தொட்டி நிறையத் தண்ணீர் உண்டு. வாரத்தில் ஒரு தடவை பழனி ரோட்டில் போகும்போது இவர் அங்கே நுழைந்து கத்தரிக்காய், வெண்டைக்காய் அள்ளிக்கொண்டு வருவது வழக்கம்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனோம். அண்ணன் வீட்டார் எல்லோரும் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தோட்டத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. பாய்ச்சலுக்குப் போட்டுவிட்டுப் போன மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காரைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

யார் உள்ளே படுப்பது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. அவருக்குத் தொந்தி. நான் அந்த நாளில் ஈர்க்குச்சி மாதிரி இருப்பேன். அதோடு, ஓட்டையைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று நாலு மாதமாகச் சவால் விட்டுக்கொண்டிருந்தவளும் நான்தான். ஸ்பேனர் பையைத் தலைமாட்டில் தள்ளிவிட்டு, இடது பக்கம் தலை வைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்தேன். புடவையை இழுத்து உள்ளே போட்டுக்கொண்டேன்.

"பயமா இருந்தாச் சொல்லு டீச்சரம்மா" என்று கேலி செய்தார்.

"செத்த நேரந்தான? ஊத்துங்க" என்றேன்.

மூடி இறங்கியது. கொண்டியில் பூட்டை மாட்டி இறுக்கினால்தான் மூடி ரப்பரில் அழுந்தும். சும்மா மாட்டி வைக்கிறேன் என்று அவர் சொன்னது கேட்டது. அடுத்து 'டக்' என்று ஒரு சத்தம். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற சத்தம் அது. பூட்டுக்காரன் கையில் பூட்டு வாய் திறந்து இருக்காது. கட்டை விரல் தானாகப் போய் அழுத்திவிடும். அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

உள்ளே கும்மிருட்டு. மேலே வாளி வாளியாகத் தண்ணீர் விழுந்தது. தகரத்தின்மேல் இடி இடிப்பது போல இருந்தது. நான் கையால் மூலை மூலையாகத் தடவினேன். காய்ந்துதான் கிடந்தது. "ஒரு சொட்டுக்கூட இல்ல" என்று கத்தினேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முன்பக்கம், பின்பக்கம், எஞ்சின் மூடி என்று ஒரு இடம் விடாமல் அடித்தார். கொஞ்சம் பொறுத்துப் பக்கவாட்டில் சக்கரங்களைப் பார்த்து வீச ஆரம்பித்தார்.

இடது சக்கரத்தில் வீசியபோது என் கன்னத்துக்குக் கீழே ஜில்லென்று தண்ணீர் ஏறியது. அதே பாசி வாடை.

"கெடச்சிருச்சு! கீழதான் இருக்கு! தெறங்க!"

வாளி வைக்கிற சத்தம் கேட்டது. பூட்டை ஆட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"சாவி எங்க?" என்றார்.

"எங்கிட்ட இருக்கு." டிக்கியைத் திறந்துவிட்டுப் பழக்கத்தில் செருகிக்கொண்ட கொத்து இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

"இன்னொன்னு?"

என் தலைமாட்டில் ஸ்பேனர் பை இருந்தது. "அதுவும் எங்கிட்டத்தான் இருக்கு" என்றேன்.

அப்போதுகூட எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை அடித்தார். ஒவ்வொரு அடியும் என் மண்டைக்குள் விழுந்தது. பூட்டைப் பற்றி அவர் ஊரெல்லாம் சொன்ன பெருமை அத்தனையும் நிஜம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கொண்டியை நெம்பிப் பார்த்தார், ரிவெட் அசையவில்லை. பின் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். நடுவில் முழுத் தகரம். கடப்பாரை ஏதாவது இருக்கிறதா என்று அண்ணன் வீட்டுக்கு ஓடினார்; அங்கே அவரே விற்ற பூட்டு தொங்கியது. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"இப்பிடியே ஓட்டிக்கிட்டு சத்திரத்துக்குப் போயிருவோம். அங்க கொல்லப் பட்டறை இருக்கு. அஞ்சே நிமிஷம்" என்றார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டிச் சாவி தனி, அது வண்டியிலேயே இருந்தது. அதைத் திருகினார். வண்டி இருமியது. திரும்பத் திருகினார். இருமியது. எஞ்சினுக்குள் அவரே ஊற்றிய தண்ணீர். ஒரு நாளும் நடுரோட்டில் விடாத அந்த வண்டி அன்றைக்குக் கிளம்பவில்லை. திருகத் திருக அந்த இருமலும் மெலிந்துகொண்டே போய், கடைசியில் நின்றது.

"நான் ஓடிப் போய் ஆளக் கூட்டிட்டு வாரேன். பயந்துக்காத. கேக்குதா? பயந்துக்காத." செருப்புச் சத்தம் தூரத்தில் போய்த் தேய்ந்தது.

தனியாக இருந்தேன். மோட்டார் ஓடுகிற சத்தம்தான் துணை. உச்சி வெயிலில் தகரம் சூடேறத் தொடங்கியது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஜெபமாலை கையில் இல்லை. விரலை மடக்கி மடக்கி எண்ணிச் சொன்னேன். எந்த மணியில் விட்டேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.

மோட்டார் நின்றது. கரண்ட் போயிருக்க வேண்டும்.

அந்த மாதிரி ஒரு நிசப்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் ஒன்றும் போகவில்லை. நான் விடுகிற மூச்சே திரும்ப வந்து முகத்தில் பட்டது. செத்துப்போகப் போகிறேன் என்று நன்றாகத் தெரிந்தது. என் வகுப்பில் எழுபது பிள்ளைகளின் கையெழுத்து நோட்டுத் திருத்தாமல் கிடக்கிறதே என்று, எதற்கென்று தெரியாமல், அதை நினைத்துத்தான் அழுதேன்.

கன்னத்துக்குக் கீழே ஈரம் அப்படியே இருந்தது. தண்ணீர் வந்த வழி ஒன்று உண்டே என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது. ரப்பர் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். விரல் ஒரு குழியில் இறங்கியது. குழிக்குள் தாரும் துணியுமாக ஏதோ திணித்திருந்தது. நகத்தால் கிள்ளிக் கிள்ளி இழுத்தேன். ஊறிப்போன துணி. நீளமாக வந்துகொண்டே இருந்தது. முழுதும் வந்ததும் ஒரு நாலணாக் காசு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

வாயை அதில் வைத்தேன். காற்று வந்தது. நனைந்த மண்ணின் குளிர்ந்த காற்று. யாரோ எனக்கென்று ஊதிவிடுவது போல வந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் குடித்தேனோ தெரியாது.

மூச்சு கொஞ்சம் தணிந்த பிறகுதான் உதட்டில் பட்டதைக் கவனித்தேன். துவாரத்தைச் சுற்றித் தகரம் கிழிந்திருந்தது. ஆனால் உதட்டைக் கீறவில்லை. கிழிந்த தகரமெல்லாம் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. ரோட்டுக் கல் தெறித்து விழுந்த ஓட்டையானால் தகரம் உள்ளே அல்லவா வளைந்திருக்கும்? தலையைத் தூக்கி, அந்த நாலணா வெளிச்சத்தில் விரலால் சுற்றிலும் தடவினேன். புதுப் பெயிண்டுக்குக் கீழே பள்ளம் பள்ளமாகக் கோடுகள். பக்கத்தில் பக்கத்தில், மேலிருந்து கீழாக. எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் சிலேட்டில் முதலில் போடுகிற கோடு மாதிரி. எதைக் கொண்டு கீறினதோ, ரொம்ப நேரம் கீறியிருக்கிறது.

எனக்கு முன்னால் இதற்குள் ஒரு ஆள் இருந்திருக்கிறது. என்னைப் போலவே இடது பக்கம் தலை வைத்து. என் வாய் இருந்த இடத்தில்தான் அந்த வாயும் இருந்திருக்கிறது.

புதுப் பெயிண்ட் எதற்கு என்று புரிந்தது. நெம்பி உடைத்த பூட்டு எதற்கு என்று புரிந்தது. உடைத்தவர்கள் நேரத்துக்கு வந்தார்களா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அக்கா சொன்ன அழுகையை நினைத்துத் தெருவில் நடுங்கியவள், அந்தப் பெட்டிக்குள் கிடந்தபோது அந்த ஆளை நினைத்துப் பயப்படவில்லை. கோடுகளின்மேல் கையை வைத்துக்கொண்டுதான் கிடந்தேன். "போயிராத" என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன்.

செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு ஆள்.

"தாயி, உசுரோட இருக்கியா?" பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் குரல். கையில் கடப்பாரை கொண்டுவந்திருந்தார்.

"இருக்கேன். இடது சக்கரத்துக்குப் பின்னால குனிஞ்சு பாருங்க" என்று துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினேன்.

கொத்திலிருந்து சாவியைக் கழற்ற விரல் வரவில்லை. பல்லால் வளையத்தைப் பிரித்துக் கழற்றினேன். சாவியைத் துவாரத்தில் விட்டேன். தலைப்பக்கம் சிக்கியது. பக்கவாட்டில் திருப்பித் தள்ளினேன். வெளியே சேற்றில் ஒருவர் படுத்து நகருகிற சத்தம். துவாரத்தில் என் கணவரின் கண் தெரிந்தது. அந்தக் கண்ணை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவர் விரல் வந்து சாவியின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

மூடி திறந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. என்னைத் தூக்கி வெளியே உட்கார வைத்தார்கள். இவர் உடம்பெல்லாம் சேறு. என் காலைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலைத் தரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பெரியவர் டிக்கிக்குள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது கல்லு பட்ட ஓட்டை இல்லியே" என்றார். "உள்ள இருந்தில்ல குத்தியிருக்கு."

என் கணவரும் எழுந்து வந்து பார்த்தார். கோடுகளைத் தடவினார். கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு பெரியவர் போய்விட்டார். நாங்கள் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

சாயங்காலம் எஞ்சின் காய்ந்து வண்டி கிளம்பியது. தோட்டத்துப் பாதையில் ஒரு வாய்க்கால் குறுக்கே ஓடும். மற்ற வண்டிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். இவர் வண்டிமேல் இருந்த நம்பிக்கையில் வாரா வாரம் அதற்குள்ளேயே விட்டு ஏற்றுவார். அன்றைக்கும் பழக்கத்தில் விட்டார். சக்கரம் வாரியடித்த தண்ணீர் பின்னால் தகரத்தில் படபடவென்று மோதுவது கேட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தண்ணீர் வந்த ரகசியம் இவ்வளவுதான். வேகமாக ஏறியது, துணி அடைத்ததால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியிருக்கிறது. இத்தனை மாதப் பயத்துக்கும் விடை கிடைத்துவிட்டதே என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தரகரைத் தேடி இவர் மதுரைக்குப் போனார். தரகர், "பழசக் கிண்டி என்னத்துக்கு? வண்டி நல்லா ஓடுதுல்ல?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் எங்கள் கண்ணில் படவில்லை. மலைமேல் விசாரித்தோம். தோட்டக்காரரைத் தெரிந்தவர்கள்கூட வண்டியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். உள்ளே கிடந்தது பெண்ணா, ஆணா, குழந்தையா, பிழைத்ததா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்து இவர் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். ஒரு துண்டுத் தகரம் வைத்துப் பற்றவைத்தால் ஒரு சொட்டு வராது என்றார் மெக்கானிக். நான் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். புத்தகப் பையை வாசலில் போட்டுவிட்டு டிக்கிக்கு முன்னால் போய் நின்றேன்.

"அத அடைக்கக் கூடாது."

"தண்ணி வருமே" என்றார் இவர்.

"வரட்டும்."

மெக்கானிக் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றையிலிருந்து பூட்டுப் பெட்டிகள் பின் சீட்டில் பயணம் போயின. டிக்கியில் ஒன்றும் வைப்பதில்லை. கொண்டியையும் அறுத்து எடுத்துவிட்டார். தண்ணீர் ஏறும், இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஒரு பழைய துணியால் துடைத்துவிடுவேன். துடைக்கும்போது அந்தக் கோடுகளின்மேல் கை படும்.

தன் வண்டியை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று அவர் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. பூட்டையும் அவரால் அழுத்த முடியாமல் போனது. கடையில் சாம்பிள் காட்டும்போது வாங்க வந்தவரையே அழுத்திப் பார்க்கச் சொல்வார். எங்கள் வீட்டுக் கதவில் பூட்டு வாய் திறந்தே தொங்கும். திண்டுக்கல்லில் பூட்டாத வீடு பூட்டுக்காரன் வீடுதான் என்று தெருவில் சிரித்தார்கள். அவர் விரல் அன்றைக்குச் செய்ததை அவர் மறக்கவே இல்லை. நான் பிழைத்து எதிரே நடமாடிக்கொண்டிருந்தது அவருக்குப் போதவில்லை.

நாலைந்து வருஷம் கழித்துக் காரை விற்றோம். டாக்ஸி ஓட்டுவதற்கென்று ஒருவர் வாங்கினார். நல்ல மாதிரி ஆள்தான். வண்டி உழைக்குமா, நம்பிப் போகலாமா என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"வண்டி போகும். ஒரே ஒரு விஷயம், டிக்கியில ஒரு ஓட்டை இருக்கு. தயவுசெஞ்சு அத அடைச்சிராதீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "ஓட்டைய அடைக்காம எப்பிடிம்மா? சவாரிக்காரங்க பெட்டி நனையுமே" என்றார். எனக்கு விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வாங்கமாட்டார். வாங்காமல் போனால் என்ன என்றும் சொல்ல முடியவில்லை. கார் தெருமுனையில் திரும்பிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். அன்று முழுதும் எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது.

அடுத்த கோடையில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தக் காரைப் பார்த்தேன். கூரையில் மஞ்சள் அடித்திருந்தார்கள். டிக்கிக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தது. கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். சவாரி ஏறியதும் கார் கிளம்பிப் போனது. அது போன பிறகு ரோட்டைத் தாண்டி, அது நின்ற இடத்துக்குப் போனேன்.

நல்ல வெயில். சுற்றிலும் புழுதி. இடது பின்சக்கரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நாலைந்து சொட்டு ஈரம் இருந்தது. குடையை மடக்கி வைத்துவிட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்கள் என்றும் இல்லாமல், அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்து அது காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடைக்கவில்லை.